ஜிடிபி ஏறிக்கிட்டே இருக்கு, வறுமை ஏன் அதே வேகத்துல இறங்க மாட்டேங்குது?

2014 ஏப்ரல்ல ஒரே நாள்ல நைஜீரியாவோட பொருளாதாரம் 89 சதவீதம் பெருசாயிருச்சு. புதுசா எண்ணெய்க் கிணறு எதுவும் கிடைக்கல, புது ஃபேக்டரி எதுவும் திறக்கல. அதுவரைக்கும் 1990ஐ அடிப்படை வருஷமா வெச்சு கணக்கு போட்டுக்கிட்டு இருந்தவங்க அதை 2010க்கு மாத்தினாங்க, அவ்வளவுதான். 1990ல அங்க மொபைல் ஃபோன் தொழில்னு ஒண்ணு கிடையாது, சினிமாத் தொழில் பழைய கணக்குல சரியா ஏறவே இல்ல, இதையெல்லாம் சேர்த்ததும் தென்னாப்பிரிக்காவ முந்திக்கிட்டு ஆப்பிரிக்காவுலயே பெரிய பொருளாதாரம்ங்கிற பேரு கிடைச்சிருச்சு. கணக்குல மோசடி எதுவும் இல்ல, சொல்லப்போனா பழைய கணக்குதான் தப்பா இருந்துச்சு. ஆனா அதனால அங்க யாரு கைலயும் ஒரு காசு கூடல. அதுக்கப்புறம் 2018-19ல அந்த நாட்டு புள்ளியியல் துறையே எடுத்த சர்வேல பத்துல நாலு பேர் வறுமைக்கோட்டுக்குக் கீழ இருக்காங்கன்னு வந்துச்சு, தலைக்கணக்குல 8 கோடிக்கும் மேல.

ஜிடிபின்னா ஒரு வருஷத்துல நாட்டு எல்லைக்குள்ள எவ்வளவு மதிப்புக்கு பொருளும் சேவையும் உற்பத்தி ஆச்சுங்கிற கணக்கு. யாரு உற்பத்தி பண்ணா, வந்த பணம் யாரு கைக்குப் போச்சு, எவ்வளவு நாட்ட விட்டே வெளிய போச்சு, இதெல்லாம் அந்த ஒத்த நம்பர்ல தெரியாது. அமெரிக்காவுக்கு முதல் முதலா தேசிய வருமானக் கணக்கைப் போட்டுக் கொடுத்த சைமன் குஸ்நெட்ஸ், 1934ல அந்த நாட்டு பார்லிமென்ட்டுக்குக் கொடுத்த ரிப்போர்ட்லயே இந்த நம்பரை வெச்சு மக்கள் நல்லா இருக்காங்களா இல்லையான்னு முடிவு பண்ணிடாதீங்கன்னு எழுதி வெச்சாரு. கணக்கை உருவாக்கினவரே சொன்ன எச்சரிக்கை அது. 90 வருஷத்துக்கு மேல ஆகியும் ஒவ்வொரு காலாண்டும் அந்த நம்பர் வந்த உடனே நாடு முன்னேறுதா இல்லையாங்கிற சண்டை அதை வெச்சேதான் நடக்குது.

இதுல சின்னதா ஒரு கணக்கு இருக்கு, நிறைய பேர் இதைத் தாண்டிப் போயிடுறாங்க. ஒரு நாடு வருஷத்துக்கு 5 சதவீதம் வளருது, மக்கள்தொகை வருஷத்துக்கு 3 சதவீதம் கூடுதுன்னு வெச்சுக்கோங்க. அப்ப தலைக்கு வர்ற வளர்ச்சி 2 சதவீதம்தான், அந்த வேகத்துல சராசரி வருமானம் ரெண்டு மடங்காக 35 வருஷம் ஆகும். இன்னைக்குப் பொறந்த குழந்தை அதுக்குள்ள வளர்ந்து, குடும்பமாகி, அதோட குழந்தையும் பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சிரும். இதுவும் எல்லாருக்கும் சமமா 2 சதவீதம் வந்தாதான், நிஜத்துல அப்படி எங்கயும் வர்றதில்ல.

சரி, பணம் வருது ஆனா எல்லாருக்கும் போய்ச் சேரல, அப்ப ஊழல்தான் காரணம்னு சொல்றவங்க இருக்காங்க. ஊழல் ஒரு காரணம்தான், அதுல சந்தேகமே இல்ல. எக்குவடோரியல் கினியாவுல 90கள்ல எண்ணெய் கிடைச்சுது, 1997ங்கிற ஒரே வருஷத்துல ஜிடிபி ரெண்டு மடங்குக்கும் மேல போச்சு, கொஞ்ச வருஷத்துல தலா வருமானத்துல ஆப்பிரிக்காவுலயே முன்னணி நாடுகள்ல ஒண்ணாயிருச்சு. 2006ல எடுத்த குடும்ப சர்வேல மக்கள்ல முக்கால்வாசிப் பேர் ஏழைங்க. 1979ல இருந்து ஒரே ஆள் அதிபரா இருக்காரு, பொது நிதியத் திருடின கேஸ்ல அவரு மகனுக்கு 2017ல பாரிஸ் கோர்ட் தண்டனை கொடுத்து, அங்க இருந்த அந்த மகனோட மாளிகையையும் பறிமுதல் பண்ண உத்தரவு போட்டுச்சு. இப்படி ஒரு நாட்ட வெச்சுப் பார்த்தா கேள்விக்கு விடை கிடைச்ச மாதிரி தோணும். ஆனா திருட்டு ரொம்பக் கம்மியா இருக்கிற நாட்டுலயும், ஓரளவு ஒழுங்கா நடக்குற நாட்டுலயும் வளர்ச்சியும் வறுமையும் பக்கத்துல பக்கத்துல இருக்கு. போட்ஸ்வானா வைரம் வித்து உலகத்துலயே வேகமா வளர்ந்த நாடுகள்ல ஒண்ணா இருந்துச்சு, அந்தக் காசுல ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரின்னு ஒழுங்கா செலவும் பண்ணாங்க. அப்படியும் வேலையில்லாத் திண்டாட்டமும் ஏற்றத்தாழ்வும் அங்க இன்னைக்கும் ரொம்ப அதிகம். அதனால ஊழலோட கதைய முடிச்சுக்கிட்டா முக்கியமான பாதி விட்டுப்போயிடும்.

அந்த முக்கியமான பாதி என்னன்னா, வளர்ச்சி எந்த இடத்துல நடக்குது, ஏழை எந்த இடத்துல இருக்காரு, இது ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்ங்கிறதுதான். ஏழைகிட்ட விக்கிறதுக்கு இருக்கிறது அவரு உழைப்பு மட்டும்தான், சில பேருக்குக் கூட ஒரு துண்டு நிலம். வளர்ச்சி அந்த உழைப்பைத் தேடி வந்து கூடுதல் கூலி கொடுத்து வாங்கினா வறுமை குறையும். அந்த உழைப்பே தேவையில்லாத இடத்துல வளர்ச்சி நடந்தா ஜிடிபி எவ்வளவு ஏறினாலும் அவரு இருக்கிற இடத்துலயேதான் இருப்பாரு.

ஜாம்பியாவ எடுத்துக்கோங்க. 2004ல இருந்து ஒரு பத்து வருஷம் சராசரியா 7 சதவீதம் பக்கத்துல வளர்ந்துச்சு, செம்பு விலை ஏறினது அதுக்கு ஒரு முக்கியமான காரணம். நாட்டோட வடமேற்கு மாகாணத்துல இருக்கிற திறந்தவெளி செம்புச் சுரங்கங்கள்ல வேலை எப்படி நடக்குதுன்னு பார்த்தா விஷயம் புரியும். பெரிய குழி, படிப்படியா கீழ இறங்குற ரோடு, ஒரே தடவைல 200 டன்னுக்கும் மேல பாறைய ஏத்திக்கிட்டு மேல வர்ற ராட்சச லாரி, அதுல உக்காந்திருக்கிறது ஒரே ஒரு டிரைவர். லாரி வெளிநாட்டுல செஞ்சது, டயர் வெளிநாட்டுல இருந்து வருது, பெரிய சுரங்கம் பலதுல முதலீடு வெளிநாட்டுக் கம்பெனியோடது, லாபத்துல பெரும்பகுதி அங்கதான் போகுது. ஒரு டன் செம்புக்கு உள்ளூர்ல கிடைக்கிற கூலி ரொம்பக் கொஞ்சம். அந்தக் குழிய விட்டுத் தள்ளிப் போனா மண்வெட்டிய வெச்சு, மழைய நம்பி விவசாயம் பண்ற சின்ன விவசாயிங்க, கிராமத்துல பெரும்பாலானவங்க அவங்கதான். செம்பு விலை ஏறினா அவங்க விளைச்சல் ஏறாது. 2022 சர்வேல அந்த நாட்டுல 60 சதவீதம் பேர் ஏழைங்கன்னு வந்துச்சு, கிராமத்துல மட்டும் பார்த்தா கிட்டத்தட்ட 79 சதவீதம், நகரத்துல 32 சதவீதம். ரெண்டுக்கும் உள்ள இந்த வித்தியாசத்தைத்தான் நான் தூரம்னு சொல்றேன்.

இந்தியாவுலயும் இதே தூரம் வேற மாதிரி இருக்கு. 2023-24 தொழிலாளர் சர்வேப்படி வேலை செய்யற 100 பேர்ல 46 பேர் விவசாயத்துல இருக்காங்க, நாட்டோட மொத்த உற்பத்தில விவசாயத்தோட பங்கு சுமார் 18 சதவீதம். வகுத்துப் பார்த்தா விவசாயத்துல இருக்கிற ஒரு ஆளோட சராசரி உற்பத்தி, வெளிய வேற தொழில்ல இருக்கிற ஒரு ஆளோட உற்பத்தில கால்வாசி தான் வருது. இன்னொரு பக்கம் ஐடி துறை, வளர்ச்சிக் கதைல முதல்ல சொல்லப்படற பேரு அதுதான், ஆனா அதுல நேரடியா வேலை பார்க்கிறவங்க சுமார் 50 லட்சம் பேர், நாட்டுல உழைக்கிறவங்க 50 கோடிக்கும் மேல. நூத்துல ஒருத்தர். அந்த ஒருத்தரோட சம்பளம் ஏறினா வீடு கட்டுவாரு, வண்டி வாங்குவாரு, அதனால கட்டட வேலையும் டிரைவர் வேலையும் கொஞ்சம் உருவாகும், அது உண்மைதான். ஆனா அந்தக் கட்டட வேலைக்குப் போட்டி போட கிராமத்துல கோடிக்கணக்குல ஆள் இருக்கறப்ப கூலி எப்படி ஏறும்?

இதைத்தான் 1954லயே ஆர்தர் லூயிஸ் எழுதினாரு, செயின்ட் லூசியாங்கிற சின்னத் தீவுல பொறந்தவரு, 1979ல நோபல் பரிசு வாங்கினாரு. அவரு சொன்னது இது: ஒரு ஏழை நாட்டு விவசாயத்துல தேவைக்கு மேல ஆள் இருக்காங்க, கொஞ்சப் பேர் கிளம்பிப் போனாலும் விளைச்சல் குறையாது. அந்த நிலைமைல ஃபேக்டரி முதலாளிக்குக் கூலிய ஏத்தாமலே எத்தனை ஆள் வேணும்னாலும் கிடைப்பாங்க, உற்பத்தி ஏற ஏற லாபம் மட்டும்தான் ஏறும். அந்த மிச்ச ஆளுங்க எல்லாம் வேலைக்குள்ள வந்து முடிஞ்ச பிறகுதான் கூலி மேல கிளம்பும். சீனாவுல ஃபேக்டரிங்க 80கள்ல பெருக ஆரம்பிச்சும், தெற்குக் கடலோரத்துல ஆள் கிடைக்கலன்னு பேச்சு வந்தது 2004 வாக்குலதான், கூலி நல்லா ஏறினதும் அந்தச் சமயத்துக்கு அப்புறம்தான். இருபது வருஷத்துக்கு மேல காத்திருப்பு, அதுவும் உலகம் அதுவரைக்கும் பார்க்காத வேகத்துல வேலை உருவாக்கின ஒரு நாட்டுல. இன்னைக்குப் புதுசா தொழிற்சாலை பக்கம் வர்ற நாடுகளுக்கு நிலைமை இன்னும் கஷ்டம், மெஷின் ஆளோட இடத்தப் பிடிச்சிருச்சு, அதனால நாடு பணக்காரன் ஆகறதுக்கு முன்னாடியே தொழிற்சாலை வேலைவாய்ப்பு உச்சத்தத் தொட்டு இறங்க ஆரம்பிச்சிருதுன்னு டானி ரோட்ரிக்ங்கிற பொருளாதார அறிஞர் பல நாட்டுக் கணக்க வெச்சுக் காட்டியிருக்காரு.

அப்ப வறுமைய வேகமாக் குறைச்ச நாடுங்க என்ன பண்ணுச்சுங்க? இங்கதான் எனக்கு ரொம்ப அழுத்திச் சொல்லணும்னு தோணுது, ஏன்னா இது அடிக்கடி விட்டுப்போற விஷயம். தென்கொரியான்னா எல்லாருக்கும் கப்பலும் காரும் எலக்ட்ரானிக்ஸும்தான் ஞாபகம் வரும், அதுக்கெல்லாம் முன்னாடி 1950 வாக்குல அங்க நிலச் சீர்திருத்தம் நடந்துச்சு, ஒரு குடும்பத்துக்கு 3 ஹெக்டேர்தான் உச்சவரம்பு, குத்தகைக்காரங்க நிலத்துக்குச் சொந்தக்காரங்க ஆனாங்க. தைவான்ல 1953ல இதே மாதிரி உழுறவனுக்கே நிலம்னு சட்டம் வந்துச்சு. தொழில் வளர்ச்சி வர்றதுக்கு முன்னாடியே அடில இருந்தவங்க கைல ஒரு சொத்து இருந்துச்சு, பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல இருந்தாங்க, அதனால ஃபேக்டரி வந்தப்ப படிச்சுட்டு உள்ள போக ஒரு தலைமுறையே ரெடியா இருந்துச்சு.

சீனாவோட கதையும் ஷாங்காய்லயோ ஷென்ஜென்லயோ ஆரம்பிக்கல. அன்ஹுய் மாகாணத்துல ஷியாவோகாங்னு ஒரு கிராமம், 1978 குளிர்காலம், கூட்டுப்பண்ணை முறைல விளைச்சல் படுத்துப்போய் ஊர் ஜனங்க பஞ்சம் பொழைக்க வெளிய போய்க்கிட்டு இருந்த நேரம். 18 விவசாயிங்க ராத்திரில ஒரு வீட்டுல ரகசியமா கூடி ஒரு காகிதத்துல கைநாட்டு வெச்சாங்க. நிலத்தக் குடும்பம் குடும்பமாப் பிரிச்சுக்குவோம், அரசுக்குக் கொடுக்க வேண்டியதக் கொடுத்துட்டு மிச்சத்த அவங்கவங்க வெச்சுக்கலாம், இதனால யாராவது ஜெயிலுக்குப் போனா அவங்க பிள்ளைங்கள 18 வயசு வரைக்கும் மத்தவங்க வளர்க்கணும், இதுதான் ஒப்பந்தம். அப்ப அது சட்ட விரோதம், பிடிபட்டா உயிருக்கே ஆபத்து. அடுத்த வருஷ அறுவடை பல மடங்கு ஏறிருச்சு, கட்சி மேலிடம் தண்டிக்கறதுக்குப் பதிலா அந்த முறையவே நாடு முழுக்கக் கொண்டுபோச்சு, தானியத்துக்கு அரசு கொடுக்கற விலையும் ஏறுச்சு. 80கள்ல சீனாவுல வறுமை தடதடன்னு குறைஞ்சதுல பெரிய பங்கு இந்த விவசாய மாற்றத்துக்குத்தான், ஏற்றுமதி ஃபேக்டரிங்க பங்கு பெருசானது அப்புறம்தான். வியட்நாமும் 1988ல நிலத்தக் குடும்பங்கள் கைல கொடுத்துச்சு, தானியத்துக்கு வெளிநாட்டக் கையேந்தின நாடு மறுவருஷமே ஏற்றுமதி பண்ணுச்சு. ஏழைங்க எங்க இருந்தாங்களோ அந்த இடத்துலயே முதல் வளர்ச்சி நடந்துச்சு, இந்த நாடுங்களுக்குள்ள பொதுவா இருக்கிறது அதுதான்.

இதுக்கு நேர் எதிரா பிரேசில். 1968ல இருந்து 1973 வரைக்கும் வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கும் மேல வளர்ந்துச்சு, அதிசயம்னே அதுக்குப் பேரு. ராணுவ ஆட்சி, தொழிற்சங்கத்த நசுக்கி வெச்சிருந்தாங்க, விலைவாசியக் கழிச்சுப் பார்த்தா குறைஞ்சபட்சக் கூலி தேய்ஞ்சுக்கிட்டே இருந்துச்சு, நிலம் கொஞ்சப் பேர் கைல. வறுமை குறையவே இல்லன்னு சொல்ல மாட்டேன், ஆனா ஏற்றத்தாழ்வு இன்னும் அகலமாச்சு. அதே நாடு 2003க்கு அப்புறம் அந்த வேகத்துல பாதி கூட வளரல, ஆனா வறுமையும் ஏற்றத்தாழ்வும் சேர்ந்தே குறைஞ்சுது. குறைஞ்சபட்சக் கூலிய நிஜமாவே ஏத்தினாங்க, போல்சா ஃபமிலியான்னு ஒரு திட்டம் கொண்டுவந்தாங்க, பிள்ளைய பள்ளிக்கூடத்துக்கு அனுப்பணும் தடுப்பூசி போடணும்ங்கிற நிபந்தனையோட மாசாமாசம் பணம், பெரும்பாலும் அம்மா பேர்லதான் கார்டு. நாட்டு மக்கள்ல கால்வாசிப் பேர் வரைக்கும் அந்தப் பணம் போய்ச் சேர்ந்துச்சு, அதுக்கு ஆன செலவு ஜிடிபில அரை சதவீதம் பக்கம். 2014ல ஐநாவோட பசி வரைபடத்துல இருந்து பிரேசில் வெளிய வந்துச்சு. வளர்ச்சி வந்தாலே போதும் மத்ததெல்லாம் தானா வரும்னு சொல்றவங்ககிட்ட இந்த ரெண்டு காலத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டணும்னு எனக்கு எப்பவும் தோணும்.

இன்னொரு விஷயம், வறுமைல இருந்து வெளிய வர்றவங்கள மட்டும் எண்ணிக்கிட்டு இருந்தா திரும்ப விழறவங்க கண்ணுக்குத் தெரிய மாட்டாங்க. ஒரு குடும்பம் பத்து வருஷம் பாடுபட்டுக் கொஞ்சம் மேல வந்திருக்கும், சம்பாதிக்கிறவருக்குச் சிறுநீரகம் போயிருச்சுன்னு வெச்சுக்கோங்க, முதல்ல சேமிப்பு கரையும், அப்புறம் நகை போகும், அப்புறம் வட்டிக்குக் கடன், நிலம் இருந்தா அடமானம், பெரிய பிள்ளை படிப்ப நிறுத்திட்டு வேலைக்குப் போகும். படிப்ப விட்ட அந்தப் பிள்ளையோட வருமானம் வாழ்நாள் முழுக்கக் கம்மியாத்தான் இருக்கும், அதனால நோய் ஒரு தலைமுறையோட நிக்காம அடுத்ததுக்கும் போயிருது. நாட்டுக் கணக்குல இந்தக் குடும்பம் ஆஸ்பத்திரிக்குக் கட்டின பணமும் ஜிடிபிலதான் சேரும். இந்தியாவுல 2013-14ல மொத்த மருத்துவச் செலவுல 64 சதவீதம் ஜனங்க நேரடியாக் கைல இருந்து கொடுத்தது, 2021-22ல அது 39 சதவீதமாக் குறைஞ்சிருக்கு. நல்ல மாற்றம்தான், ஆனா அப்பவும் நூறு ரூபாய்ல 39 ரூபாய் நோயாளி வீட்டுல இருந்துதான் வந்துச்சு.

வறுமைக்கோட்டையும் கொஞ்சம் கவனிக்கணும். உலக வங்கி 2025 ஜூன்ல கடும் வறுமைக்கான கோட்ட ஒரு நாளைக்கு 3 டாலர்னு வெச்சுச்சு, அமெரிக்காவுல 3 டாலருக்கு என்ன வாங்க முடியுமோ அவ்வளவுதான் ஒரு ஆளுக்கு முழு நாளுக்கும், வாடகை, துணிமணி, மருந்து எல்லாம் அதுக்குள்ள. அந்தக் கோட்டுப்படி இந்தியாவுல 2022-23ல 5 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல ஏழைங்க. கோட்ட 4.20 டாலருக்குத் தூக்கினா அது 24 சதவீதம் பக்கத்துல போயிருது. அதாவது ஒன்றேகால் டாலருக்கும் கம்மியான இடைவெளிக்குள்ள நெருக்கிக்கிட்டு கோடிக்கணக்கான பேர் இருக்காங்க, கணக்குப்படி அவங்க வெளிய வந்துட்டாங்க, ஒரு காய்ச்சலோ ஒரு வறட்சியோ போதும் திரும்ப உள்ள போக.

இதையெல்லாம் தாங்கிப் பிடிக்க அரசாங்கத்துகிட்ட பணம் வேணுமே. பணக்கார நாடுங்க ஜிடிபில மூணுல ஒரு பங்கு வரியா வாங்குதுங்க, நைஜீரியா மாதிரி நாட்டுல ரொம்ப வருஷம் அது 10 சதவீதத்துக்கும் கீழதான் இருந்துச்சு. பெரும்பாலான தொழில் கணக்குல வராத சின்னச் சின்ன வேலை, பெரிய கம்பெனிங்களுக்குச் சலுகை, அதனால அரசு சுலபமா வாங்கக்கூடிய விற்பனை வரிய நம்பும், அதுல ஏழையும் பணக்காரரும் ஒரு சோப்புக்குக் கட்டற வரி ஒண்ணுதான். போதலன்னா கடன். ஐநா வர்த்தக அமைப்பு 2024ல சொன்ன கணக்குப்படி, கல்விக்கோ சுகாதாரத்துக்கோ செலவு பண்றதவிட கடன் வட்டிக்கு அதிகமாக் கொடுக்கற நாடுங்கள்ல 330 கோடிப் பேர் இருக்காங்க. மேல சொன்ன ஜாம்பியா 2020ல கடனத் திருப்பிக் கட்ட முடியாம நின்னுச்சு.

இவ்வளவும் சொன்னதால வளர்ச்சியே வேண்டாம்னு சொல்ற கட்சி இல்ல நான். பெரிய அளவுல வறுமைய ஒழிச்ச எந்த நாடும் வளராம ஒழிக்கல. ஆனா வளர்ச்சி வேலையா மாறுறது ஒரு படி, அந்த வேலை நல்ல கூலியா மாறுறது இன்னொரு படி, இந்த ரெண்டாவது படி தானா வராதுங்கிறதுக்கு பங்களாதேஷ் சாட்சி. அங்க ஆயத்த ஆடைத் தொழில்ல சுமார் 40 லட்சம் பேர் வேலை செய்யறாங்க, பெரும்பாலும் கிராமத்துல இருந்து வந்த பெண்கள், வீட்ட விட்டு வெளிய போய் சொந்தமா சம்பளம் வாங்கின முதல் தலைமுறை. வறுமை நிஜமாவே குறைஞ்சுது, பெண் பிள்ளைங்க படிப்பு ஏறுச்சு, இது சாதாரண விஷயம் இல்ல. ஆனா 2013 ஏப்ரல் 24 அன்னைக்கு ராணா பிளாசா கட்டடம் இடிஞ்சு 1,100 பேருக்கும் மேல செத்தாங்க, முந்தின நாளே சுவத்துல விரிசல் விட்டிருந்துச்சு, அதப் பார்த்து வெளிய வந்தவங்கள மறுநாள் காலைல திரும்ப உள்ள போகச் சொல்லியிருந்தாங்க, போகலன்னா சம்பளம் போயிரும்ங்கிற பயத்துல போனாங்க. அதுக்கப்புறம் அதே வருஷக் கடைசிலதான் குறைஞ்சபட்ச மாசச் சம்பளம் 3,000 டாக்கால இருந்து 5,300 ஆச்சு, 2018ல 8,000. 2023ல ஏற்றுமதி எங்கயோ உசரத்துக்குப் போயிருந்துச்சு, தொழிலாளர்கள் 23,000 கேட்டுத் தெருவுக்கு வந்தாங்க, அந்தப் போராட்டத்துல உயிரும் போச்சு, கடைசில 12,500 கொடுத்தாங்க. 8,000ல இருந்து 12,500 பெரிய உயர்வு மாதிரிதான் தெரியும், ஆனா நடுவுல அஞ்சு வருஷம் விலைவாசி ஏறினத ஈடு கட்டவே அதுல பெரும்பகுதி போயிருச்சு.